சென்னைல தினமும் சைக்கிள்ல ஆபீஸ் போறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

சைக்கிள்ல ஆபீஸ் போகணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் முதல்ல கடைக்குப் போய் சைக்கிள்தான் பாக்குறாங்க. அத கடைசில வச்சுக்கோங்க. ஆரம்பிச்ச ஒரு மாசத்துல சைக்கிள ஓரங்கட்டினவங்ககிட்ட பேசிப் பாருங்க, கால் வலிச்சு விட்டேன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி. மெயின் ரோட்டுல பஸ்ஸு பக்கத்துல உரசிட்டுப் போனது பயமா போச்சு, ஆபீஸ்ல தொப்பலா நனைஞ்சு போய் நின்னா சட்டை மாத்த இடமில்ல, சைக்கிள உள்ள விட செக்யூரிட்டி ஒத்துக்கல, இந்த மூணுல ஒண்ணுதான் காரணமா இருக்கும். இது மூணுமே உடம்பு தெம்பு சம்பந்தப்பட்டது இல்ல, முன்கூட்டி உக்காந்து யோசிச்சா சரி பண்ணிடக்கூடியது. அதனால இந்த வழிகாட்டிலயும் அந்த வரிசைலதான் போகப்போறேன், ரூட்டு முதல்ல, ஆபீஸ் அடுத்து, அப்புறம்தான் வண்டி.

இன்னொன்னும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன். இந்த ஊர்ல சைக்கிள்ல வேலைக்குப் போறது ஏதோ புதுசா வந்த ஃபேஷன் இல்ல. கொத்தனார், வாட்ச்மேன், வீட்டு வேலைக்குப் போற அக்காங்க, பேப்பர் போடறவங்க, ராத்திரில கேன் கட்டிட்டு டீ விக்கிற அண்ணன், இவங்க எல்லாம் வருஷக்கணக்கா ஹெல்மெட்டு, கியரு எதுவும் இல்லாம ஓட்டிட்டுதான் இருக்காங்க. உங்க ஏரியால காலைல ஆறரை ஏழு மணிக்கு ரோட்டோரமா நின்னு அவங்க எந்தத் தெருவுல புகுந்து எங்க வெளிய வர்றாங்க, எந்த சிக்னல்ல இறங்கித் தள்ளிட்டுப் போறாங்கன்னு பாருங்க. எந்த ஆப்புலயும் கிடைக்காத விஷயம் அதுல கிடைக்கும்.

தூரம் எவ்வளவு வரைக்கும் சரி

சென்னை பெருசா மேடு பள்ளமே இல்லாத ஊரு, ஏத்தம்னு இருக்கறது பாலமும் சப்வேயும்தான். அவசரப்படாம ஓட்டினா சிக்னல் எல்லாம் சேர்த்து மணிக்கு 12-ல இருந்து 15 கிமீ வேகம் வரும். 5 கிமீன்னா இருபது இருபத்தஞ்சு நிமிஷம், 10 கிமீன்னா நாப்பதுல இருந்து அம்பது நிமிஷம். பீக் அவர்ல கார்ல போனா கிட்டத்தட்ட இதே நேரம் ஆகற ரூட்டு இங்க நிறைய இருக்கு, வேளச்சேரில இருந்து தரமணி, அடையாறுல இருந்து கிண்டி மாதிரி.

8 கிமீக்குள்ள இருந்தா யாரா இருந்தாலும் ஆரம்பிக்கலாம். 8-ல இருந்து 15 வரைக்கும்னா முதல் மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள், அதுவும் அடுத்தடுத்த நாள் இல்லாம நடுவுல ஒரு நாள் விட்டு. 15-க்கு மேல போனா முழுசும் சைக்கிள்லயே போகணும்னு அடம் பிடிக்காதீங்க, தாம்பரத்துல இருந்து நுங்கம்பாக்கம் போறவரு ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், ஸ்டாண்டுல போட்டுட்டு மின்சார ரயில்னு வச்சுக்கிட்டா ஆட்டோ காசும் மிச்சம், ஷேர் ஆட்டோக்கு நிக்கிற நேரமும் மிச்சம். அதுவும் சைக்கிள்ல வேலைக்குப் போறதுதான். மூட்டு, இதயம், சுகர் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

ரூட்டு, இதுதான் பாதி வேலை

பைக்ல போற ரூட்டுலயே சைக்கிளயும் ஓட்டணும்னு நினைக்கறதுதான் பயத்துக்கு மொத்த காரணமும். பைக்குக்கு வேகமான ரோடு வேணும், சைக்கிளுக்கு மெதுவான ரோடு வேணும், ரெண்டும் வேற வேற. ஒரு கிமீ சுத்தினாலும் பரவால்ல, அது நாலு நிமிஷம்தான், அந்த நாலு நிமிஷத்துக்கு பஸ்ஸும் லாரியும் இல்லாத தெரு கிடைக்கும்னா கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்.

கூகுள் மேப்ல டூவீலர் மோட்ல போட்டா அது உங்கள நேரா பாலத்து மேல ஏத்தி விடும். அதுக்குப் பதிலா நடந்து போறவங்களுக்கான மோட்ல போட்டுப் பாருங்க, உள்தெரு எல்லாம் அப்பதான் காட்டும். அது காட்டற கோட்டுல படிக்கட்டு, ஒன்வே, ரயில்வே லைன் கிராசிங் எல்லாம் இருக்கலாம், ஒன்வேக்கு எதிரா போகவும் சொல்லும், அதனால அப்படியே நம்பாம ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நிதானமா ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஏதாவது ஒரு வேலை நாள்ல லீவு போட்டோ, வீட்ல இருந்து வேலை பாக்கற நாள்லயோ ஆபீஸ் டைம்லயே ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலியா கிடக்கற தெரு திங்கக்கிழமை ஸ்கூல் வேனா நிக்கும், அது தெரியாம முதல் நாள் கிளம்பக்கூடாது.

ஏரியாவுக்கு ஏரியா இது ரொம்ப மாறும். அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர் எல்லாம் பிளான் போட்டு கட்டின ஏரியா, மெயின் ரோட்டுக்குப் பக்கத்துலயே இணையா மரம் வச்ச தெரு ஓடும், சைக்கிளுக்கு அதுதான் சொர்க்கம். ஆனா ஓஎம்ஆர் பக்கம் கதை வேற. ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் நடுவுல பக்கிங்காம் கால்வாய் ஓடுது, அதனால ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நினைச்ச இடத்துல தாண்ட முடியாது, சோழிங்கநல்லூர் - அக்கரை ரோடு மாதிரி சில இடத்துலதான் குறுக்க போக முடியும். மத்திய கைலாஷ்ல இருந்து சிறுசேரி வரைக்கும் அந்த 20 கிமீ ரோடு வேகமா வண்டி போறதுக்குன்னே போட்டது, இடதுபக்கம் கிடைக்கற சர்வீஸ் ரோட்டையும் கந்தன்சாவடி, பெருங்குடி உள்தெருக்களையும் முடிஞ்ச வரைக்கும் பயன்படுத்துங்க. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டு ரோட்ட குறுக்கின இடத்துல பஸ்ஸுக்கும் தடுப்புக்கும் நடுவுல நுழையவே நுழையாதீங்க, அந்த இடத்த மட்டும் இறங்கித் தள்ளிட்டுப் போனாலும் ரெண்டு நிமிஷம்தான் போகும்.

ரூட்டு பாக்கும்போது குறிச்சு வச்சுக்க வேண்டியது: பாலத்து மேல ஏறாம கீழ போக வழி இருக்கா, கத்திப்பாரா மாதிரி பெரிய ஜங்ஷன எங்க தவிர்க்கலாம், வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடம் எத்தனை, பஞ்சர் கடை எங்க இருக்கு, மழை பெஞ்சா எந்தத் தெருவுல தண்ணி நிக்கும், ராத்திரி எந்தத் தெருவுல லைட்டு இல்ல, எந்தத் தெருவுல நாய்க் கூட்டம் இருக்கு. திரும்பி வர்றதுக்கு வேற ரூட்டு வச்சுக்கறதும் நல்லது, காலைல அமைதியா இருக்கற கடைவீதி சாயங்காலம் நடக்கவே இடமில்லாம இருக்கும்.

காத்தப் பத்தி யாரும் சொல்றதில்ல, நான் சொல்றேன். மே-ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காலைல காத்து பெரும்பாலும் மேற்குல இருந்து வரும், மதியத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குல இருந்து உள்ள வரும். போரூர், வளசரவாக்கம் பக்கம் வீடு, மயிலாப்பூர் அடையாறு பக்கம் ஆபீஸ்னா காலைலயும் முதுகுல காத்து, சாயங்காலமும் முதுகுல காத்து, அவ்வளவு சுகம். சோழிங்கநல்லூர்ல வேலை முடிஞ்சு அடையாறு பக்கம் வடக்க வர்றவங்களுக்கும் வெயில் காலத்துல சாயங்காலம் காத்து தள்ளி விடும், ஆனா வடகிழக்குப் பருவக்காத்து வந்தப்புறம் அதே ரூட்டுல காத்து முகத்துல அடிக்கும். அந்த மாசங்கள்ல பத்து நிமிஷம் சேர்த்து வச்சுக்கோங்க, நமக்குத் தெம்பு போச்சோன்னு நினைச்சுடாதீங்க.

ஆபீஸ்ல முன்னாடியே பேசி வைக்க வேண்டியது

முதல் நாள் சைக்கிளோட போய் கேட்டு முன்னாடி நின்னா "சார் இங்க சைக்கிள் விடறதில்ல சார்"னு செக்யூரிட்டி அண்ணன் சொல்லுவாரு. அவர் மேல கோவப்படாதீங்க, அவருக்கு அப்படித்தான் சொல்லி வச்சிருப்பாங்க. ஒரு வாரம் முன்னாடியே அட்மினுக்கு ஒரு மெயில் போட்டு பெர்மிஷன் வாங்கிட்டு அந்த மெயில போன்ல வச்சுக்கோங்க. அந்த செக்யூரிட்டி அண்ணன், ஹவுஸ்கீப்பிங் அக்கா இவங்க சைக்கிள் எல்லாம் அதே பில்டிங்ல பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துலயோ படிக்கட்டுக்கு அடியிலயோ நிக்கும், பெரும்பாலும் நிழல்ல, கேமரா பார்வைல. அங்கயே உங்களதும் நிறுத்திக்க முடியுமான்னு மரியாதையா கேளுங்க. ஸ்டாண்டு போட்டுத் தரச் சொல்லிக் கேக்கும்போது உங்க ஒருத்தருக்காகக் கேக்காம அவங்க சைக்கிளும் நிக்கற மாதிரி கேளுங்க, நியாயமும் அதுதான், எண்ணிக்கை கூடினா அட்மினும் மதிப்பாங்க.

அடுத்தது வேர்வை. சென்னைல டிசம்பர் ஜனவரி தவிர மத்த எல்லா மாசமும் வேர்க்கும், வேர்க்காம ஓட்டறதுக்கு வழி இல்ல, வேர்த்ததுக்கு அப்புறம் என்ன பண்றோம்ங்கறதுதான் விஷயம். வந்து இறங்கினதும் நேரா பாத்ரூம் போய் சட்டை மாத்தினா அந்த சட்டையும் அஞ்சு நிமிஷத்துல நனைஞ்சுடும், ஏன்னா வண்டி நின்னப்புறமும் பத்து நிமிஷத்துக்கு உடம்பு சூட்ட வெளிய தள்ளிட்டேதான் இருக்கும். அதனால பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியிலயோ நிழல்லயோ சும்மா உக்காருங்க, தண்ணி குடிங்க, மூச்சு அடங்கட்டும். அப்புறம் ஒரு மெல்லிசு காட்டன் துண்ட, ஈரோட்டுத் துண்டு மாதிரி சீக்கிரம் காயறது, ஈரத்துல பிழிஞ்சு முகம், கழுத்து, அக்குள், முதுகு துடைச்சுட்டு உலர்ந்த துண்டால ஒத்திட்டு சட்டை மாத்துங்க. வீட்ல குளிச்சுட்டு கிளம்பினீங்கன்னா புது வேர்வைல அவ்வளவா நாத்தம் இருக்காது, நேத்து போட்ட பனியனையே திரும்பப் போட்டாத்தான் நாறும். ஓட்டும்போது போட்ட டீஷர்ட்ட பைக்குள்ள சுருட்டி வைக்காம எங்கயாவது காயப் போடுங்க, சாயங்காலம் அதையேதான் போடணும்.

துணிய தினமும் தூக்கிட்டு அலையாதீங்க. திங்கக்கிழமை பஸ்லயோ பைக்லயோ போகும்போது நாலு நாளுக்குத் தேவையான சட்டை, பேண்டு, ஷூ, பெல்ட்டு எல்லாத்தையும் டெஸ்க்கு டிராயர்ல வச்சுடுங்க, வெள்ளிக்கிழமை திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க. தினமும் எடுத்துட்டுப் போறவங்க சட்டைய மடிக்காம உருட்டி வச்சா சுருக்கம் கம்மியா விழும்.

சேலை, சுடிதார்ல ஓட்டறவங்க கவனிக்க வேண்டியது பின் சக்கரமும் செயினும். துப்பட்டாவ குறுக்க போட்டு இடுப்புல இறுக்கி முடிச்சு போட்டுக்கோங்க, தோள்ல தொங்க விடாதீங்க. நம்ம ஊர் லேடீஸ் சைக்கிள்ல பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வலை மாதிரி கம்பித் தடுப்பும் முழு செயின் கவரும் வரும், அத அழகு இல்லைன்னு கழட்டிடாதீங்க, இருக்கறதுலயே உருப்படியான பாகம் அதுதான். பேண்டு போடறவங்க வலது காலோட கீழ்ப்பக்கத்த மடிச்சு ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கிட்டா செயின் கறை படாது.

இப்ப சைக்கிள் வாங்கலாம்

வீட்ல, பக்கத்து வீட்ல, ஊர்ல பழைய சைக்கிள் சும்மா கிடக்குதான்னு முதல்ல பாருங்க. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் குடுத்த சைக்கிள் நிறைய வீட்டு மாடிப்படிக்கு அடில துருப்பிடிச்சு கிடக்கு. அத எடுத்துட்டுப் போய் தெருமுனைக் கடைல ஓவராயில் பண்ணச் சொல்லி, டயர் டியூப், பிரேக் கட்டை, பிரேக் கேபிள் புதுசு போட்டா 6-7 கிமீ ஓட்டறதுக்கு அது தாராளமா போதும். ஒரு மூணு மாசம் ஓட்டிட்டு அப்புறம் நல்லதா வாங்குங்க, அப்பதான் உங்களுக்கு என்ன வேணும்னே தெரியும்.

புதுசு வாங்கறதுன்னா மூணு வகைல யோசிக்கலாம். கியர் இல்லாத சாதா சைக்கிள், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஹீரோ மாதிரி. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ ரெண்டும் நம்ம அம்பத்தூர்ல 1949-ல ஆரம்பிச்ச டிஐ கம்பெனியோடது, அதனாலயோ என்னவோ இங்க எந்தச் சந்துக் கடைக்குப் போனாலும் ஸ்பேர் கிடைக்கும், கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், பூட்டு எல்லாம் அதுலயே இருக்கும். மேடு பள்ளம் இல்லாத ரோட்டுல 8 கிமீ வரைக்கும் இதுவே போதும்ங்கறது என்னோட அழுத்தமான கருத்து. ரெண்டாவது ஹைப்ரிட்னு சொல்றது, சக்கரம் பெருசு, டயர் நடுத்தரம், பின்னாடி 7 கியர், பாலம் ஏறவும் எதிர்காத்துக்கும் வசதி, 10 கிமீக்கு மேல போறவங்க இத வாங்கலாம். மூணாவது மவுண்டன் பைக்குன்னு விக்கிறது. தடி டயரு, முன்னாடி ஷாக் அப்சார்பர், பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா விலை கம்மில வர்ற ஷாக் அப்சார்பர் நீங்க மிதிக்கற தெம்புல ஒரு பங்க விழுங்கிடும், வெயிட்டும் ஜாஸ்தி. ஆபீஸ் போறதுக்கு அத வாங்காதீங்க. ஒல்லி டயர் ரேஸ் சைக்கிளும் வேணாம், நம்ம ரோட்டுல இருக்கற பள்ளத்துக்கும் ஜல்லிக்கும் 35 மிமீ, 38 மிமீ அகல டயர்தான் சரி.

கால் தெம்பு பத்தாது, ஆனாலும் ஓட்டணும்னு நினைக்கறவங்களுக்கு பெடல் பண்ணும்போது மோட்டார் உதவி பண்ற இ-சைக்கிள் இருக்கு. மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிமீக்குள்ள இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், லைசென்ஸ் வேணாம். எதிர்காத்துல 15 கிமீ போறவங்களுக்கு நல்ல வழி, ஆனா பேட்டரிய கழட்டி மேல எடுத்துட்டுப் போய் சார்ஜ் போட முடியற மாதிரி பாத்து வாங்குங்க, பார்க்கிங்ல பிளக் பாயிண்ட் குடுக்க மாட்டாங்க.

வாங்கும்போது ஒண்ணு கேளுங்க, எந்த மாதிரி வால்வுன்னு. பழைய சாதா சைக்கிள்ல வர்ற வால்டியூப் வச்ச வால்வு எல்லா சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும், பைக்ல இருக்கற மாதிரி தடி வால்வுன்னா பெட்ரோல் பங்குலயே காத்தடிக்கலாம், ஆனா விலை ஜாஸ்தி சைக்கிள்ல வர்ற ஒல்லியான பிரஸ்டா வால்வுக்கு சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கி பைல போட்டு வச்சுக்கணும், இல்லன்னா எந்தப் பங்குலயும் காத்தடிக்க முடியாது.

சீட்டு உயரம்

இத ஒழுங்கா வைக்காததாலதான் பாதிப் பேருக்கு முட்டி வலிக்குது. சுவத்த பிடிச்சுக்கிட்டு சீட்டுல உக்காருங்க, பெடல கீழ்க்கடைசிக்கு கொண்டு வந்து குதிகால அது மேல வைங்க, கால் நேரா நீளணும். ஓட்டும்போது முன்பாதத்தாலதான் மிதிக்கணும், அப்ப முட்டி லேசா மடங்கி இருக்கும், அதுதான் சரியான உயரம். அந்த உயரத்துல ரெண்டு காலையும் தரைல முழுசா ஊன முடியாது, நிறுத்தும்போது சீட்ல இருந்து முன்னாடி இறங்கிதான் நிக்கணும், முதல் ரெண்டு நாள் பயமா இருக்கும், அப்புறம் பழகிடும். முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட்டு கீழ இருக்கு, இல்ல கனமான கியர்ல மிதிக்கறீங்க. பின்பக்கம் வலிச்சா சீட்டு ரொம்ப மேல இருக்கு. கியர் இருந்தா லேசான கியர்ல வேகமா சுத்தற மாதிரி மிதிங்க, அழுத்தி மிதிச்சா வேர்வையும் கூடும், முட்டியும் தேயும்.

மெத்து மெத்துன்னு பெரிய ஸ்பாஞ்ச் சீட்டு வாங்காதீங்க, அரை மணி நேரத்துல அதுதான் ஜாஸ்தி வலிக்கும். முதல் ரெண்டு வாரம் எந்த சீட்டா இருந்தாலும் உக்கார்ற எலும்பு வலிக்கத்தான் செய்யும், அது தானா போயிடும். மரத்துப் போற மாதிரி இருந்தா சீட்டு மூக்க கொஞ்சமா கீழ சாய்ச்சுப் பாருங்க.

கூட வாங்க வேண்டிய பொருள்

லைட்டு. பின்னாடி சிவப்பு, முன்னாடி வெள்ளை. டிசம்பர்ல அஞ்சே முக்காலுக்கே சூரியன் மறைஞ்சுடும், ஜூன்லயே ஆறரை சுமாருக்கு மறைஞ்சுடும், ஆபீஸ் விடறது ஆறரை மணிக்கு மேலன்னா வருஷம் பூரா இருட்டுலதான் திரும்புவீங்க. முன் லைட்டோட வேலை ரோட்ட காட்டறது மட்டும் இல்ல, குறுக்க வர்ற வண்டிக்கு நீங்க இருக்கீங்கன்னு காட்டறது. காசு கம்மியா இருந்தா மத்த எதையும் தள்ளிப் போடலாம், பின் லைட்ட மட்டும் தள்ளிப் போடக்கூடாது. அதோட மாநகராட்சி பணியாளருங்க போடற பளபளப்பு பட்டை வச்ச ஜாக்கெட் ஹார்ட்வேர் கடைலயே கிடைக்கும், அது போதும்.

ஹெல்மெட்டு சட்டப்படி சைக்கிளுக்குக் கட்டாயம் இல்ல, ஆனா போடுங்க. பைக் ஹெல்மெட்டு இல்ல, காத்து போற ஓட்டை வச்ச சைக்கிள் ஹெல்மெட்டு. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அளவுல உக்காரணும், தாடைப் பட்டைக்குள்ள ஒரு விரல் போற அளவு இருந்தா போதும். பின்னாடி சரிச்சு நெத்தி தெரியற மாதிரி போட்டா போட்டும் பிரயோஜனம் இல்ல.

பைய முதுகுல மாட்டாதீங்க, முதுகு பூரா நனைஞ்சுடும். கேரியர்ல வச்சு பழைய டியூப்ல வெட்டின ரப்பரால கட்டுங்க, சைக்கிள் கடைல கேட்டா சும்மாவே குடுப்பாங்க. லேப்டாப்னா கேரியர்ல நேரடியா வைக்காம ஒரு துண்ட நாலா மடிச்சு அடில போடுங்க, பள்ளத்துல குதிக்கும்போது அதிர்ச்சி தாங்கும்.

பூட்டு நல்லதா வாங்குங்க, யூ வடிவ பூட்டு. ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியோட பூட்டணும், ஒல்லி கேபிள் பூட்டு வெட்டறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பெடல் சுத்தற இடத்துக்கு அடில ஃபிரேம் நம்பர் அடிச்சிருக்கும், அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பில்லும் சேர்த்து. தொலைஞ்சு போலீஸ்ல எழுதிக் குடுக்கும்போது அதுதான் கேப்பாங்க.

ரோட்டுல எப்படி ஓட்டறது

ஓரமா ஓட்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ரொம்ப ஓரம் ஆபத்து. ஓரத்துல மணல், கண்ணாடித் துண்டு, மழைநீர் வடிகால் கம்பி, திடீர்னு கதவு திறக்கற கார் எல்லாம் இருக்கு. ரோட்டு விளிம்புல இருந்தும் நிக்கற கார்ல இருந்தும் ஒரு மீட்டர் தள்ளி நேர்க்கோட்டுல ஓட்டுங்க. ஒவ்வொரு காருக்கும் நடுவுல உள்ள புகுந்து புகுந்து வெளிய வந்தா பின்னாடி வர்றவனுக்கு நீங்க எங்க போறீங்கன்னு புரியாது, நேரா போனா அவனே சுத்திப் போவான்.

பஸ்ஸு ஸ்டாப்ல நிக்குதுன்னா அதுக்கு இடதுபக்கம் நுழையாதீங்க, ஆளு இறங்குவாங்க. பின்னாடி நின்னு காத்திருங்க, இல்லன்னா பின்னாடி திரும்பிப் பாத்து கை காட்டி வலதுபக்கமா தாண்டுங்க. ஷேர் ஆட்டோ பின்னாடி போகும்போது எப்பவும் ரெண்டு விரல் பிரேக்குல இருக்கட்டும், யாராவது கை நீட்டினா அது நின்ன இடத்துலயே நிக்கும். சிக்னல்ல லாரிக்கோ பஸ்ஸுக்கோ இடதுபக்கத்துல போய் நிக்கறது இருக்கறதுலயே மோசமான இடம், டிரைவருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க, அது இடதுபக்கம் திரும்பினா உங்களுக்குப் போக இடமே இருக்காது. ஒண்ணு அவருக்குத் தெரியற மாதிரி நல்லா முன்னாடி நில்லுங்க, இல்லன்னா பின்னாடியே நில்லுங்க.

பெரிய சிக்னல்ல வலதுபக்கம் திரும்பணும்னா நடு லேனுக்குப் போகாதீங்க. நேரா போற பச்சைல ஜங்ஷன தாண்டி அந்தப் பக்கம் இடதுமுனைல நில்லுங்க, சைக்கிள திருப்பி வச்சுக்கிட்டு அந்த ரோட்டுக்கான பச்சை விழுந்ததும் அவங்களோட சேர்ந்து போங்க. ஓஎம்ஆர் மாதிரி யூடர்ன் வச்ச ரோட்டுல யூடர்ன் எடுக்காம ஆள் கடக்கற இடத்துல இறங்கித் தள்ளிட்டுத் தாண்டிடுங்க. யூடர்ன் சுத்தறதுக்கு சோம்பல்பட்டு ராங் சைடுல மட்டும் வராதீங்க, தெருவுல இருந்து திரும்பற வண்டிக்காரன் அந்தப் பக்கம் பாக்கவே மாட்டான்.

முன் பிரேக்கு, பின் பிரேக்கு ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்க. காதுல ஹெட்செட் வேணவே வேணாம், நம்ம ஊர்ல காதுதான் ரியர்வியூ மிரர். நாய் துரத்தினா வேகமா மிதிக்காம நிறுத்தி இறங்கி சைக்கிள நடுவுல வச்சுக்கிட்டு சத்தமா ஒரு அதட்டு போடுங்க, பெரும்பாலும் போயிடும்.

வெயில்

மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் ஏழரைக்குள்ள ஆபீஸ் போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க, அக்னி நட்சத்திரம் சமயத்துல எட்டு மணி வெயிலே சுடும். ஆபீஸ் ஒன்பதரைக்குன்னா மேனேஜர்கிட்ட பேசி சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்ப முடியுமான்னு பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டப் பொங்கல் வடை சாப்பிடாதீங்க, ஒரு வாழைப்பழம் இல்ல ரெண்டு இட்லி, மிச்சத்த ஆபீஸ்ல போய் சாப்பிடுங்க. கிளம்பும்போதே ஒரு டம்ளர் தண்ணி, ஆபீஸ் போனதும் உப்பு போட்ட மோரு. தலை சுத்தல், குமட்டல், வேர்வை திடீர்னு நிக்கறது, இதுல எது வந்தாலும் உடனே இறங்கி நிழல்ல உக்காந்து தலைல தண்ணி ஊத்துங்க, தெளியலன்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லி ஆஸ்பத்திரி போயிடுங்க. அன்னிக்கு மறுபடியும் சைக்கிள தொடாதீங்க.

மழை

தூறல்ல ஓட்டலாம், நல்ல மழைல நின்னுடலாம், தண்ணி தேங்கின ரோட்டுல மட்டும் ஓட்டவே கூடாது. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு எல்லாம் வேணாம், முழங்கால் அளவு தண்ணிலயே திறந்து கிடக்கற மேன்ஹோல், வடிகால் பள்ளம், அறுந்து விழுந்த கரண்ட்டு வயர் எதுவும் தெரியாது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கனமழைன்னு எச்சரிக்கை வந்த நாள்ல பஸ்லயோ ரயில்லயோ போயிடுங்க.

ரொம்ப நாள் கழிச்சு பெய்யற முதல் மழைதான் வழுக்கும், ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆயிடும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, வேகத்தடை மேல பூசின பெயிண்டு இதுமேல எல்லாம் பிரேக்கும் பிடிக்காதீங்க, திருப்பவும் செய்யாதீங்க. ரிம்முல பிடிக்கற பிரேக்கு நனைஞ்சா உடனே பிடிக்காது, அதனால நிக்க வேண்டிய இடத்துக்கு கொஞ்சம் முன்னாடியே லேசா பிடிச்சு ரிம்முல இருக்கற தண்ணிய வழிச்சு விடுங்க. மேல ரெயின்கோட் ஜாக்கெட் போதும், கீழ அரை டவுசரும் பட்டை வச்ச செருப்பும் போட்டுக்கிட்டா நனைஞ்சாலும் துடைச்சுக்கலாம். தொளதொளன்னு தொங்கற போன்சோ மாதிரி கோட்டு காத்துல பறந்து சக்கரத்துல மாட்டும். லேப்டாப்ப தடி பிளாஸ்டிக் கவர்ல போட்டு அப்புறம் பைக்குள்ள வைங்க, பை மேல போடற கவர மட்டும் நம்பாதீங்க.

பராமரிப்பு

வாரம் ஒரு தடவ காத்து. சாதா அகல டயருக்கு 50-ல இருந்து 65 பிஎஸ்ஐ சுமாரா சரியா இருக்கும், டயர் பக்கவாட்டுலயே எவ்வளவு வரைக்கும் அடிக்கலாம்னு போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க. காத்து கம்மியா இருக்கறதுதான் பாதி பஞ்சருக்குக் காரணம், பள்ளத்துல விழுந்ததும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். பெட்ரோல் பங்குல அடிச்சா பக்கத்துலயே நில்லுங்க, சைக்கிள் டியூப்ல இடம் கம்மி, சட்டுனு ஜாஸ்தி ஆயிடும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, மழைல நனைஞ்சா அன்னிக்கே, செயின பழைய துணியால துடைச்சுட்டு செயின் ஆயில ஒவ்வொரு கண்ணியா ஒரு சொட்டு விட்டு பெடல பின்னாடி சுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு வெளிய இருக்கற ஆயில துடைச்சுடுங்க. துடைக்காம விட்டா மண்ணு ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயின தேச்சுடும். தேங்காய் எண்ணெய் விடாதீங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம்னு கடலோரமா இருக்கறவங்க வாரம் ஒரு தடவயே பண்ணுங்க, உப்புக்காத்துல செயினும் போல்ட்டும் பாத்துட்டு இருக்கும்போதே துருப்பிடிக்கும்.

பிரேக்க ஓங்கிப் பிடிச்சா லீவர் ஹேண்டில்பார தொடக்கூடாது, தொட்டா கேபிள் டைட் பண்ணணும் இல்ல கட்டைய மாத்தணும். சக்கரத்த தூக்கி சுத்தி விட்டு கோட்டம் இருக்கான்னு பாருங்க, பிரேக் கட்டைய ஒரு இடத்துல மட்டும் உரசினா கோட்டம் எடுக்கணும், அத கடைக்காரர்கிட்ட விட்டுடுங்க, கம்பிய நாமளே திருகினா இன்னும் வளையும். மழைக்காலம் முடிஞ்சதும் ஜனவரில ஒரு தடவ ஓவராயில், பேரிங் எல்லாம் கழட்டி கிரீஸ் வைக்கச் சொல்லுங்க.

பைல எப்பவும் இருக்க வேண்டியது: உங்க டயர் சைஸுக்கு ஒரு டியூப், டயர் கழட்டற பிளாஸ்டிக் நெம்பி ரெண்டு, சின்ன பம்பு, சக்கர நட்டுக்குச் சேர்ற ஸ்பேனர். வழியில பஞ்சர் ஆனா டியூப மாத்திட்டுக் கிளம்பிடலாம், ஓட்டையான டியூப வீட்ல வந்து பக்கெட் தண்ணில முக்கி குமிழி வர்ற இடத்த கண்டுபிடிச்சு ஒட்டிக்கலாம். புது டியூப் போடறதுக்கு முன்னாடி டயருக்கு உள்பக்கம் விரலால மெதுவா தடவிப் பாருங்க, குத்தின முள்ளோ கம்பியோ அங்கயே இருக்கும், அத எடுக்காம போட்டா அடுத்த தெருவுலயே மறுபடியும் காத்து போயிடும்.

டியூப் மாத்தறது வராதவங்க ஒரு சனிக்கிழமை தெருமுனை பஞ்சர் கடைக்காரர்கிட்ட போய் "அண்ணே, நீங்க பாத்துக்கோங்க, நான் பண்றேன்"னு சொல்லி காசு குடுத்துக் கத்துக்கோங்க. பின் சக்கரத்தயும் ஒரு தடவ கழட்டி மாட்டிப் பழகிடுங்க, முன்னாடிய விட அதுக்குத்தான் நேரம் எடுக்கும், செயின எந்தப் பல்லுல மாட்டணும், சக்கரம் நடுவுல நேரா உக்காந்திருக்கா, நட்டு ரெண்டு பக்கமும் இறுகியிருக்கான்னு அவர் முன்னாடியே பாத்துட்டு வாங்க.